நாலு தந்தி வாத்தியம்: ஜார்ஜ் ஹாரிஸன் வாழ்க்கைக் கதை

அமெரிக்காவில் ஒரு வீட்டு வாசலில் கார் வந்து நிற்கிறது. காரில் வந்தவர் உலகப் புகழ் பெற்ற பாடகர். பெரும் பணக்காரர். பேசி முடித்துப் புறப்படும் நேரத்தில் அவர் காரின் பின்பக்கப் பெட்டியைத் திறக்கிறார். உள்ளே துணிமணி இல்லை. படுக்கை இல்லை. குழந்தைகள் விளையாடும் பொம்மை போல, சின்னச் சின்ன வாத்தியங்கள்!

அவற்றில் நான்கை எடுத்து நண்பரிடம் கொடுத்துவிட்டுப் போகிறார். ஒன்று போதாதா, நான்கு எதற்கு? வீட்டுக்கு வருகிறவர்கள் கையில் இந்த வாத்தியம் இருக்காது. அவர்களும் சேர்ந்து வாசிக்க வேண்டாமா? அதற்காகத்தான் நான்கு!

வாத்தியத்தின் பெயர் உகுலேலே. வாங்கிக் கொண்ட நண்பர், டாம் பெட்டி என்ற அமெரிக்கப் பாடகர். அன்று நாள் முழுவதும் அவரை உட்கார வைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்திருந்தார் வந்தவர். தட்டித் தட்டி டாம் பெட்டிக்கு மணிக்கட்டே வலி எடுத்துவிட்டதாம்.

பாடம் சொல்லிக் கொடுத்தவர் ஜார்ஜ் ஹாரிஸன். உலகத்தையே ஆட்டி வைத்த "பீட்டில்ஸ்" நால்வரில் ஒருவர். கிட்டாரில் பேர் வாங்கியவர். நம் நாட்டுச் சிதாரை மேல்நாட்டு இளைஞர்களிடம் கொண்டு போய்ச் சேர்த்தவர். அப்பேர்ப்பட்டவர் நாற்பது வயதை ஒட்டி இந்தப் பொம்மை வாத்தியத்தைப் பிடித்துக் கொண்டார். சாகும்வரை விடவில்லை. ஏன்?

பஸ் டிரைவர் மகன்

இங்கிலாந்தில் லிவர்பூல் ஒரு துறைமுக நகரம். அங்கே ஆர்னால்டு குரோவ் என்ற சந்தில், 12-ம் நம்பர் வீட்டில், 1943-ம் ஆண்டு பிப்ரவரி 25-ந் தேதி ஜார்ஜ் பிறந்தார். உலக யுத்தம் நடந்து கொண்டிருந்த நேரம். கீழே இரண்டு அறை, மேலே இரண்டு அறை. குளிக்கும் அறை கிடையாது. கழிப்பிடம் வெளியே. குளிர்காலத்தில் கரி அடுப்பைச் சுற்றித்தான் குடும்பமே உட்கார்ந்திருக்கும்.

தகப்பனார் ஹரால்டு முதலில் கப்பலில் வேலை பார்த்தார். பிறகு பஸ் கண்டக்டர் ஆனார். அதற்குப் பிறகு டிரைவர். தாயார் லூயிஸ். நான்கு குழந்தைகளில் ஜார்ஜ்தான் கடைக்குட்டி.

தாயாருக்குப் பாட்டு என்றால் உயிர். அந்த வட்டாரத்தில் அப்போது ஜார்ஜ் ஃபார்ம்பி என்ற சிரிப்பு நடிகர் கொடி கட்டிப் பறந்தார். அவர் லிவர்பூலுக்குப் பக்கத்திலுள்ள விகன் என்ற ஊர்க்காரர். 1904-ல் பிறந்தவர். அசட்டுச் சிரிப்பு, வட்டார வழக்கில் பேச்சு, கையில் ஒரு குட்டி வாத்தியம். இவ்வளவுதான் அவர் முதல். இதை வைத்துக் கொண்டே படத்துக்குப் படம் வெற்றி கண்டார். அந்தக் குட்டி வாத்தியம் உகுலேலேயின் தம்பி. கழுத்து உகுலேலேயின் கழுத்து. உடம்போ, தோல் கட்டிய சின்னக் கஞ்சிரா போல இருக்கும். பெயர் "பாஞ்சோலேலே". சத்தம் கணீர் கணீர் என்று கேட்கும்.

இந்தப் பாட்டுகளைக் கேட்டுத்தான் சிறுவன் ஜார்ஜ் வளர்ந்தான். ஆனால் அப்போது அவன் கண் அதன்மேல் போகவில்லை. அவன் கண்ணெல்லாம் கிட்டார்மேல்தான்!

உடைந்த கிட்டார்

பள்ளிக்கூடத்தில் பாடம் ஏறவில்லை. நோட்டுப் புத்தகம் முழுவதும் கிட்டார் படமாக வரைந்து தள்ளினான். கூடப் படித்த ஒரு பையன் தன் பழைய கிட்டாரை விற்கப் போவதாகச் சொன்னான். விலை மூன்று பவுன் பத்து ஷில்லிங். பஸ் தொழிலாளியின் வீட்டில் அது சின்னத் தொகை அல்ல. தாயார் எப்படியோ புரட்டிக் கொடுத்தார்.

வாங்கி வந்தவுடன் பையன் என்ன செய்தான்? உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டு, கழுத்தில் இருந்த திருகாணியைக் கழற்றினான். கழுத்து தனியாக, உடம்பு தனியாக வந்துவிட்டது! திரும்பப் பூட்டத் தெரியவில்லை. பயந்து போய் அலமாரியில் ஒளித்து வைத்துவிட்டான். பிறகு அண்ணன் பீட்டர்தான் அதைச் சரிசெய்து கொடுத்தார்.

அதற்குப் பிறகு ஒரே சாதகம். வீணை பழகியவர்களைக் கேட்டால் தெரியும், முதல் சில மாதம் விரல் நுனி என்ன பாடு படும் என்று. கிட்டாரிலும் அதே கதைதான். எஃகுத் தந்தி விரலை அறுக்கும். ரத்தம் கசியும். பிறகு காய்த்துப் போகும். இரவு வெகு நேரம் வரை பையன் வாசிப்பான். தூங்கப் போ என்று தாயார் அதட்டவில்லை. கூடவே விழித்திருந்து, வருகிறதடா, இன்னும் கொஞ்சம் முயன்று பார் என்று தட்டிக் கொடுத்தார். பெரிய வித்வான்களின் கதையில் தகப்பனாரைப் பற்றி நிறைய எழுதுகிறோம். கூட விழித்திருந்த தாய்மாரைப் பற்றி அவ்வளவு எழுதுவதில்லை.

பள்ளிக்கூடம் போகும் பஸ்ஸில் இன்னொரு பையன் சிநேகமானான். அவன் பெயர் பால் மெக்கார்ட்னி. ஜார்ஜைவிட எட்டு மாதம் பெரியவன். பால் ஏற்கெனவே ஜான் லெனன் என்பவனின் பாட்டுக் குழுவில் இருந்தான். ஜார்ஜையும் சேர்த்துக் கொள்ளும்படி ஜானிடம் சிபாரிசு செய்தான். ஜானுக்கு இஷ்டமில்லை. ஜார்ஜுக்கு அப்போது பதினைந்து வயதுகூட நிறையவில்லை. சின்னப் பயல்!

ஒரு நாள் இரவு, ஆள் இல்லாத மாடி பஸ்ஸின் மேல்தட்டில் பரீட்சை நடந்தது. ஜார்ஜ் ஒரு மெட்டைத் தப்பில்லாமல் வாசித்துக் காட்டினான். அந்த மெட்டை அவ்வளவு சுத்தமாக வாசிக்கக் கூடியவர் குழுவில் யாரும் இல்லை. ஜானிடம் மறுபேச்சு இல்லை. இது நடந்தது 1958-ல்.

ஜானைப் பற்றி ஒரு விஷயம். அவருக்கு முதன் முதலில் தந்தி வாத்தியம் கற்றுக் கொடுத்தது அவருடைய தாயார் ஜூலியா. ஆனால் அந்த அம்மாளுக்குத் தெரிந்தது பாஞ்சோ. அதனால் ஜான் கிட்டாரைப் பாஞ்சோ போலவே பிடித்துக் கொண்டிருந்தார். பால்தான் பிறகு திருத்தினார். ஒரு வாத்தியத்தில் பழகிய விரல் அடுத்த வாத்தியத்தில் உதவியும் செய்யும், உபத்திரவமும் செய்யும். ஜார்ஜ் இதைப் பிற்காலத்தில் நன்றாக அனுபவித்தார்.

பள்ளிக்கூடம் விட்டதும் ஜார்ஜ் ஒரு பெரிய கடையில் எலக்டிரிக் வேலை பழகப் போனார். அது நிலைக்கவில்லை. 1960-ல் குழு ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்துக்குப் போயிற்று. விடிய விடியக் கச்சேரி. ஜார்ஜுக்குப் பதினெட்டு வயது ஆகவில்லை என்று கண்டுபிடித்து, போலீசார் அவரை மட்டும் நாட்டை விட்டு அனுப்பிவிட்டார்கள்! கிட்டாரும் கையுமாகத் தனியாக ரயில் ஏறினார்.

பிறகு நடந்தது ஊரறிந்த கதை. 1962-ல் முதல் இசைத்தட்டு. 1964 பிப்ரவரியில் அமெரிக்கா போனார்கள். டெலிவிஷனில் அவர்களைப் பார்த்தவர்கள் 7 கோடியே 30 லட்சம் பேர். போன இடமெல்லாம் இளம் பெண்களின் கூச்சல். அந்தக் கூச்சலில் தாங்கள் வாசிப்பது தங்கள் காதிலேயே விழவில்லை என்பது நால்வருக்கும் குறை. அதிகமாக வெறுத்துப் போனவர் ஜார்ஜ்தான்.

தந்தி அறுந்தது

1965-ல் பீட்டில்ஸ் ஒரு சினிமாப் படத்தில் நடித்தார்கள். ஒரு காட்சியில் இந்திய ஓட்டல். அங்கே இந்திய வாத்தியக்காரர்கள் உட்கார்ந்து வாசிப்பதாக அமைப்பு. படப்பிடிப்பின் இடையில் ஜார்ஜ் அங்கே கிடந்த சிதாரை எடுத்துப் பார்த்தார். சத்தம் மனத்தில் ஒட்டிக் கொண்டது.

லண்டனில் ஆக்ஸ்போர்டு தெருவில் இந்தியச் சாமான் விற்கும் கடை ஒன்று இருந்தது. அங்கே மலிவு விலையில் ஒரு சிதார் வாங்கினார். வாத்தியாரும் இல்லை, புத்தகமும் இல்லை. கிட்டார் தெரியும், அந்தத் தைரியம்தான்! அந்த ஆண்டு அக்டோபரில் "நார்வீஜியன் வுட்" என்ற பாட்டு பதிவானபோது, கிட்டாரில் வாசிக்க வேண்டிய மெட்டைச் சிதாரில் வாசித்துப் பார்த்தார். மேல்நாட்டு ஜனரஞ்சக இசைத்தட்டில் சிதார் கேட்டு உலகம் மயங்கிற்று. நாலா பக்கமும் சிதார் மோகம் பிடித்துக் கொண்டது.

அந்தச் சமயம் சிதாரில் ஒரு தந்தி அறுந்து போயிற்று. லண்டனில் சிதார் தந்திக்கு எங்கே போவது? அங்கே இந்திய இசையைப் பரப்ப ஒரு சங்கம் நடந்து வந்தது. அதை நடத்தியவர் அங்காடி என்ற கன்னடக்காரர். அவர் தந்தி கொடுத்து உதவினார். அந்தத் தந்தியைப் பிடித்துக் கொண்டே ஜார்ஜ் இந்திய இசை உலகத்துக்குள் நுழைந்துவிட்டார்.

1966 ஜூன் மாதம் லண்டனில் பண்டிதர் ரவிசங்கரைச் சந்தித்தார். ரவிசங்கருக்கு அப்போது 46 வயது. ஜார்ஜுக்கு 23. ரவிசங்கரோ மைஹரில் அலாவுதீன் கான் என்ற மகா வித்வானிடம் ஏழு ஆண்டு குருகுலவாசம் செய்தவர். தினம் பதினான்கு மணி நேரம் சாதகம் என்றெல்லாம் சொல்லுவார்கள். ஜார்ஜ் இசைத்தட்டில் வாசித்த சிதாரை அவர் பெரிதாக மெச்சவில்லை. ஆனால் பையனின் பணிவு பிடித்துப் போயிற்று. சொல்லிக் கொடுக்க ஒப்புக் கொண்டார்.

முதல் பாடம் ஜார்ஜ் வீட்டில். நடுவில் டெலிபோன் மணி அடித்தது. ஜார்ஜ் சிதாரைக் கீழே வைத்தார். எழுந்தார். அதைத் தாண்டிக் காலை எடுத்து வைத்தார். சட்டென்று காலில் ஓர் அடி விழுந்தது! அடித்தவர் ரவிசங்கர். வாத்தியத்துக்கு மரியாதை கொடுக்க வேண்டும் என்று கண்டித்தார். நம் வீட்டுக் குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம். உலகம் புகழும் ஜார்ஜுக்கு அன்றுதான் தெரிந்தது. அதை அவர் அவமானமாக நினைக்கவில்லை. பிற்காலத்தில் தாமே பலரிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

அந்த ஆண்டு ஆகஸ்டு 29-ந் தேதியோடு பீட்டில்ஸ் ஊர் ஊராகக் கச்சேரி செய்வதை நிறுத்திவிட்டார்கள். செப்டம்பரில் ஜார்ஜ் மனைவியுடன் பம்பாய் வந்தார். அடையாளம் தெரியாமல் இருக்க மீசை வளர்த்திருந்தார். மீசை எத்தனை நாள் காப்பாற்றும்? விஷயம் வெளியாகி ஓட்டல் வாசலில் கூட்டம் கூடிவிட்டது. பாடம் நடக்கவில்லை. குருவும் சிஷ்யரும் காசுமீரத்துக்குப் போய்விட்டார்கள். ஸ்ரீநகர் ஏரியில் ஒரு படகு வீடு. சுற்றிலும் இமயமலை. அங்கே நிம்மதியாகச் சாதகம் செய்தார்.

சிதாரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். நீளம் சுமார் நாலடி. மேலே வாசிக்கும் தந்தி ஆறு அல்லது ஏழு. அதற்கு அடியில், தானாக அதிர்ந்து ரீங்காரம் செய்யும் தந்தி பத்துக்கும் மேல். வீணையில் மெட்டு என்கிறோமே, அந்தக் குறுக்குக் கம்பிகள் சிதாரில் வில் போல வளைந்திருக்கும். நகர்த்தவும் முடியும். தந்தியை அழுத்தினால் மட்டும் போதாது. பக்கவாட்டில் இழுத்து ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்கு வழுக்கிச் செல்ல வேண்டும். கிட்டார் விரலுக்கு இது புதிது. தரையில் கால் மடக்கி உட்கார வேண்டும். நாற்காலியில் வளர்ந்த ஜார்ஜுக்கு இடுப்பும் முழங்காலும் ஒடிந்தன. உட்காருவதற்கென்றே யோகாசனம் பழகினார்!

அவரே ஒப்புக் கொண்ட உண்மை

இரண்டு ஆண்டு போயிற்று. 1968 ஜூன். ரவிசங்கரைப் பற்றிய ஒரு படத்துக்காக ஜார்ஜ் அமெரிக்கா போயிருந்தார். அப்போது குரு ஒரு கேள்வி கேட்டார். உன் வேர் எங்கே இருக்கிறது என்ற பொருளில் ஒரு கேள்வி. ஜார்ஜுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தன் வேர் சிதாரில் இல்லை. லிவர்பூல் தெருவில், சைக்கிள் விட்டுக் கொண்டே கேட்ட கிட்டார்ப் பாட்டில் அல்லவா இருக்கிறது!

திரும்பும் வழியில் நியூயார்க்கில் தங்கினார். அதே ஓட்டலில் எரிக் கிளாப்டன், ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் என்ற இரண்டு கிட்டார் சூரர்கள் தங்கியிருந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் மனத்தில் கணக்குப் போட்டார். குழந்தைப் பருவத்திலிருந்து சிதார் பிடித்தவர்கள் இந்தியாவில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களிலேயே ஓரிருவர்தான் பெரிய வித்வான் ஆக முடியும் என்று ரவிசங்கர் நினைக்கிறார். இருபத்து மூன்று வயதில் தொடங்கியவன் எங்கே நிற்பான்? இங்கே கிட்டாரையும் அல்லவா மூன்று ஆண்டாகக் கவனிக்காமல் விட்டாயிற்று!

சிதாரை வைத்துவிட்டார்.

உலகத்தில் லட்சக்கணக்கான இளைஞர்கள் இவரைப் பார்த்துச் சிதார் வாங்கிக் கொண்டிருந்த நேரம் அது. மேடையில் சிதாரோடு உட்கார்ந்தால் போதும், கூட்டம் அலைமோதும். அப்படிப்பட்ட நேரத்தில், நான் இதில் தேறமாட்டேன் என்று தனக்குத் தானே சொல்லிக் கொள்ளப் பெரிய மனம் வேண்டும். ஜார்ஜ் பாடிய பாட்டுகள் எல்லாவற்றையும்விட இந்த ஒரு காரியம் எனக்கு உயர்வாகத் தோன்றுகிறது.

ஆனால் படித்தது வீண் போகவில்லை. கிட்டாருக்குத் திரும்பிய மறு ஆண்டு "சம்திங்" என்ற பாட்டை எழுதி வெளியிட்டார். உலகம் கொண்டாடியது. அப்புறம் விரலில் கண்ணாடிக் குழாயை மாட்டிக் கொண்டு, தந்திமேல் வழுக்கி வாசிக்கும் முறையைப் பழகினார். நம் கோட்டுவாத்தியத்தில் கட்டையை வைத்துத் தந்திமேல் தேய்ப்பார்கள் அல்லவா, கிட்டத்தட்ட அதே முறை. ஜார்ஜ் அப்படி வாசிக்கும்போது, சிதாரில் பழகிய வழுக்கல் கிட்டாரில் வந்து உட்கார்ந்து கொண்டதை இசை தெரிந்தவர்கள் கண்டு கொள்வார்கள்.

குருபக்தியும் போகவில்லை. 1971-ல் வங்காள தேச மக்கள் அகதிகளாகத் தவித்தபோது ரவிசங்கர் உதவி கேட்டார். ஜார்ஜ் உடனே நண்பர்களைத் திரட்டினார். ஆகஸ்டு 1-ந் தேதி நியூயார்க்கில் ஒரே நாளில் இரண்டு கச்சேரி. வசூலான 2,43,418 டாலர் 50 சென்ட் ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதிக்குப் போயிற்று. (அந்தக் கச்சேரியில் ஒரு தமாஷ். ரவிசங்கர் குழுவினர் சுருதி சேர்த்து முடித்ததும், அதையே பாட்டு என்று நினைத்துச் சபையோர் கைதட்டிவிட்டார்கள். சுருதி சேர்த்ததே இவ்வளவு பிடித்திருந்தால் கச்சேரி இன்னும் பிடிக்கும் என்று ரவிசங்கர் சிரித்துக் கொண்டே நன்றி சொன்னார்.)

தீவில் கிடைத்த வாத்தியம்

பீட்டில்ஸ் 1970-ல் பிரிந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ஜார்ஜுக்கு நல்லதும் வந்தது, கெட்டதும் வந்தது. 1974-ல் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் தொண்டை கட்டிக் கொண்டது. பத்திரிகைகள் கேலி செய்தன. அவருடைய பேர் பெற்ற பாட்டின் மெட்டு இன்னொரு பழைய பாட்டின் மெட்டு என்று வழக்குப் போட்டார்கள். தெரிந்து செய்யவில்லை, ஆனாலும் மெட்டு அதுதான் என்று 1976-ல் தீர்ப்பு வந்தது. மெட்டுக் கட்ட உட்கார்ந்தாலே கை நடுங்கும் நிலை. 1980 டிசம்பரில் ஜான் லெனன் சுட்டுக் கொல்லப்பட்டார். பஸ்ஸின் மேல்தட்டில் தன்னைப் பரீட்சை செய்த ஜான்!

ஜார்ஜ் கூட்டத்தை விட்டு ஒதுங்கினார். இங்கிலாந்தில் ஹென்லி என்ற ஊரில் அவருக்கு ஒரு பழைய மாளிகை. அங்கே மண்வெட்டி எடுத்துத் தோட்ட வேலை செய்தார். ஹவாய்த் தீவுகளில் மாவி என்ற தீவில், கடலோரமாக இன்னொரு வீடு. அங்கே மனைவி ஒலிவியா, மகன் தானி இவர்களோடு இருப்பார். மகனுக்கு அவர் வைத்த பெயரைப் பார்த்தீர்களா? தானி! த, நி என்று நம் ஸ்வர வரிசையில் வரும் இரண்டு எழுத்து!

உகுலேலேயின் ஊரே ஹவாய்தான். அதுவும் வந்த கதை சுவையானது. 1879 ஆகஸ்டு 23-ந் தேதி "ரேவன்ஸ்கிராக்" என்ற கப்பல் ஹோனலூலு துறைமுகத்துக்கு வந்தது. அதில் போர்ச்சுகீசியருக்குச் சொந்தமான மதேரா தீவிலிருந்து கூலிகள் வந்தார்கள். கரும்புத் தோட்டத்தில் வேலை செய்ய ஒப்பந்தம். நான்கு மாதக் கடல் பிரயாணம். தரையைக் கண்ட ஆனந்தத்தில் ஒருவர் தங்கள் ஊர்க் குட்டி வாத்தியத்தை எடுத்து வாசித்துப் பாடினார். அதே கப்பலில் மரவேலை தெரிந்த மூன்று பேர் வந்திருந்தார்கள். அவர்கள் பின்னால் ஹோனலூலுவில் கடை வைத்து, அந்த வாத்தியத்தைத் தீவில் விளைந்த கோவா மரத்தில் செய்து விற்றார்கள். ஹவாய் அரசர் கலாகாவாவுக்கே அது பிடித்துப் போயிற்று. அரண்மனையில் ஏறிவிட்டது. உகுலேலே என்றால் அந்த ஊர்ப் பேச்சில் துள்ளும் தெள்ளுப்பூச்சி என்று பொருள். தந்திமேல் விரல் துள்ளுவதைப் பார்த்து வைத்த பெயர் என்று சொல்லுகிறார்கள்.

கூலிக்காரர் கொண்டு வந்த வாத்தியம். தமிழர்களும் கரும்புத் தோட்டத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் கப்பல் ஏறிய காலம்தான் அது.

இந்த வாத்தியம் ஜார்ஜைப் பிடித்துக் கொண்டது. நாலே தந்தி. நீளம் ஒன்றே முக்கால் அடி. முன்பு ஆட்டுக் குடலில் செய்த தந்தி, இப்போது நைலான். எஃகு போல விரலை அறுக்காது. குழந்தையைப் போல மார்போடு அணைத்துக் கொண்டு, ஆள்காட்டி விரல் நகத்தால் மேலும் கீழும் தட்டினால் போதும்.

கிட்டார்காரருக்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு. கிட்டாரில் ஆறு தந்தி. தடித்த தந்தி இரண்டையும் விட்டுவிட்டு, மீதி நாலையும் ஐந்தாவது மெட்டில் அழுத்திப் பாருங்கள். உகுலேலேயின் நாலு தந்திக்கும் உள்ள இடைவெளி அதுதான்! ஆகவே கிட்டாரில் பழகிய விரல் வைப்பு அப்படியே செல்லும். சுரம் மட்டும் மாறும். ஒரே ஒரு குறும்பு, நாலாவது தந்தி. கிட்டாரில் மேலே போகப் போகத் தந்தி கட்டை சுருதியில் பேசும். உகுலேலேயில் நாலாவது தந்தி, திடீரென்று மேல் ஸ்தாயியில் கீச்சென்று பேசும். கிட்டார்காரர் முதலில் இங்கேதான் திகைப்பார். ஆனால் அந்த வாத்தியத்தின் சிரிப்பே அந்தத் தந்தியில்தான் இருக்கிறது. இன்னொரு தொல்லை இட நெருக்கடி. மெட்டுக்கு மெட்டு அவ்வளவு நெருக்கம். பெரிய கை உள்ளவர் மூன்று விரலை வைப்பதற்குள் முட்டி மோதும்.

சிதார் சொன்னதற்கு நேர் எதிர் இந்த வாத்தியம். சிதார் ஏழு ஆண்டு கேட்டது. இது ஒரு சாயங்காலத்தில் ஒரு பாட்டைக் கொடுத்துவிடும். சிதாருக்கு முன்னால் ஜார்ஜ் கடைசி வரை ஒரு சிஷ்யர்தான். இதற்கு முன்னால் அவர் லிவர்பூல் பையன்.

ஆம், தாயார் ரசித்த ஜார்ஜ் ஃபார்ம்பி நினைவுக்கு வந்துவிட்டார்! ஃபார்ம்பி 1961-லேயே காலமாகிவிட்டார். ஆனால் அவருடைய ரசிகர்கள் ஒரு சங்கம் வைத்து, பிளாக்பூல் என்ற கடற்கரை ஊரில் கூடி, அவர் பாட்டுகளை வாசித்து மகிழ்ந்து வந்தார்கள். பெரும்பாலும் சாதாரண ஜனங்கள். ஜார்ஜ் அந்தச் சங்கத்தில் சேர்ந்தார். 1991-ல் குடும்பத்தோடு அங்கே போனார். மேடை ஏறி, மற்றவர்களைப் போல ஒரு ரசிகராகவே ஃபார்ம்பி பாட்டை வாசித்தார். உலகமெல்லாம் கைதட்டிய மனிதருக்கு அங்கே நெஞ்சு படபடத்ததாம்!

ஃபார்ம்பி தட்டும் முறை லேசானது அல்ல. தாளத்தைப் பிளந்து பிளந்து, ஒரே தட்டில் மெட்டும் தாளமும் கேட்கும்படி மணிக்கட்டைச் சுழற்றுவார். ஜார்ஜ் அதை ஒரு மாணவரைப் போல உட்கார்ந்து பழகினார். வீட்டுக்குச் சாப்பிட வருகிறவர்களைச் சாப்பாட்டுக்குப் பின் சும்மா விடமாட்டார். உகுலேலேகள் வெளியே வரும். தெரிந்தவரும் வாசிக்க வேண்டும், தெரியாதவரும் வாசிக்க வேண்டும். 1994-ல் பால், ரிங்கோ இருவரும் அவருடைய தோட்டத்துக்கு வந்தார்கள். மூவரும் புல்தரையில் உட்கார்ந்தார்கள். ஜார்ஜ் உகுலேலேயைத் தட்டினார். மூவருமாக ஒரு பழைய பாட்டைப் பாடினார்கள். அது படத்தில் பதிவாகி இருக்கிறது. அவர்கள் பிரிந்தபோது நடந்த சண்டையை அறிந்தவர்கள் அந்தப் படத்தைப் பார்த்தால் நம்பமாட்டார்கள். மறு ஆண்டு, ஜானின் பழைய குரல் பதிவை வைத்து மூவரும் ஒரு பாட்டை முடித்து வெளியிட்டார்கள். அதன் கடைசியில் உகுலேலே ஒலிக்கும்.

சென்னையில்

ரவிசங்கரையும் அவர் விடவில்லை. 1996-ல் வேத மந்திரங்களையும் தோத்திரங்களையும் இசைத்தட்டாக வெளியிட இருவரும் சேர்ந்து வேலை செய்தார்கள். ஜனவரியிலும் ஏப்ரலிலும் பதிவு நடந்தது நம் சென்னையில்தான். ஜார்ஜ் அதன் தயாரிப்பாளர். மீதி வேலை ஹென்லியில், அவருடைய வீட்டிலேயே முடிந்தது. 1997-ல் வெளியாயிற்று. சிதாரை வைத்து முப்பது ஆண்டு நெருங்கிய பிறகும் குருவின் அருகில் உட்கார அவருக்குச் சலிக்கவில்லை.

அந்த ஆண்டே தொண்டையில் புற்றுநோய் கண்டது. சிகிச்சை செய்து கொண்டார். 1999 டிசம்பர் 30-ந் தேதி விடியற்காலையில், சித்தம் கலங்கிய ஒருவன் வீட்டுக்குள் புகுந்து கத்தியால் குத்தினான். நுரையீரலில் காயம். மனைவி ஒலிவியா அடுப்புக் கம்பியையும் மேஜை விளக்கையும் எடுத்து அவனை அடித்துக் கணவர் உயிரைக் காப்பாற்றினார். ஆனால் புற்றுநோய் மறுபடி வந்தது. 2001 நவம்பர் 29-ந் தேதி அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஜார்ஜ் காலமானார். வயது 58.

அவர் பாதியில் விட்டுப் போன பாட்டுகளை மகன் தானியும் நண்பர் ஜெஃப் லின்னும் சேர்ந்து முடித்து மறு ஆண்டு வெளியிட்டார்கள். அதிலும் உகுலேலே உண்டு.

முதலாண்டு நினைவு நாள். 2002 நவம்பர் 29. லண்டன் ஆல்பர்ட் மண்டபம் நிரம்பி வழிந்தது. முதலில் இந்திய இசை. 82 வயது ரவிசங்கர் இதற்கென்றே புதிதாக இயற்றியிருந்ததை, அவர் மகள் அனுஷ்கா நடத்திக் கொடுத்தார். பிறகு நண்பர்களின் பாட்டு. பால் மெக்கார்ட்னி மேடைக்கு வந்தார். கையில் கிட்டார் இல்லை, உகுலேலே! ஜார்ஜின் வீட்டுக்குப் போனால் சாப்பாட்டுக்குப் பிறகு இது வெளியே வராமல் இருக்காது என்று சபையோருக்குச் சொன்னார். ஜார்ஜ் எழுதிய "சம்திங்" பாட்டை அதிலேயே தொடங்கினார்.

கடைசியாக வந்தவர் ஜோ பிரவுன் என்ற பழைய பாடகர். ஜார்ஜின் நெருங்கிய சிநேகிதர். அவர் கையிலும் உகுலேலேதான். கனவில் சந்திப்போம் என்ற கருத்துள்ள ஒரு பழைய பாட்டை மெதுவாகப் பாடினார். இந்திய இசை ஒலித்த அதே மேடை. அவர் பாடிக் கொண்டிருக்கும்போதே மண்டபத்தின் கூரையிலிருந்து பூவிதழ்கள் உதிர்ந்தன. வாத்தியக்காரர்கள் மேலும், சபையோர் மேலும் விழுந்து கொண்டே இருந்தன.